கதவு பாதியில் நிற்கிறது

அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை, தொடங்கிவிட்டேன். நீங்களும் அண்ணனும் சௌக்கியம்தானா? உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து நின்றால் இடுப்பு என்னத்துக்கு ஆகும். உங்கள் பல் டாக்டரிடம் உயரமான ஸ்டூல் ஒன்று கேளுங்கள் என்று போன வருஷமே சொன்னேன்.

இங்கே மழை பிடித்து ஒன்பது நாள் ஆகிறது. விருந்தாளியும் வந்து இறங்கிவிட்டார். கல்யாணமாகி வந்த புதிதில், "யாரு விருந்தாளி? எத்தனை பேருக்குச் சமைக்கணும்?" என்று கேட்டு எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தீர்களே, அதே ஆள்தான், எங்கள் வீட்டு மனச்சோர்வு. வானம் மூடியதும் வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொள்வார், நல்ல வெயில் அடித்தால்தான் எழுந்து போவார். அப்பாவிடமிருந்து எனக்கும் அண்ணனுக்கும் பாகப்பிரிவினை இல்லாமல் வந்த ஒரே சொத்து. காலையில் ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றை மாட்டுவதற்குள் அசந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்த லட்சணத்தில் ஜன்னல் வேறு மாற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை எங்கள் துணி, செருப்புக் கடையின் தெருப்பக்கக் கண்ணாடி ஜன்னலைப் புதிதாக அலங்கரித்து, போகிறவர்களை நிற்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம். மழையில் ஒருவரும் நிற்பதில்லை. மேனேஜர் அம்மா நேற்று கூப்பிட்டு, "இப்படியே போனா பொம்மையெல்லாம் எடுத்துட்டு டிவி வெச்சிடலாம்னு மேல பேசிக்கிறாங்க" என்றார். நான் மூன்று நாளாக ஒரு வெள்ளைக் காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு பென்சில் சீவுகிறேன். பென்சில்தான் தேய்கிறது.

அண்ணனிடம் கேட்டு ஏதாவது யோசனை அனுப்புங்கள். வாரத்துக்கு முப்பது கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், அவன் கண்ணில் படாத வேடிக்கையா? பள்ளிக்கூடத்தில் என் படங்களுக்கெல்லாம் அவன்தான் யோசனை சொல்வான், பரிசு மட்டும் நான் வாங்குவேன். அவனிடமும் விருந்தாளி வந்தாரா என்று எழுதுங்கள். போன் செய்தால் லைன் இரைகிறது என்று வைத்துவிடுகிறீர்கள்.

இருவருக்கும் என் அன்பு. அண்ணன் வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன், சந்தோஷப்படட்டும்.

முட்டைக்கண்ணி


அக்டோபர் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தில் நலம் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் நலமாக இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. இங்கே நாங்கள் இருவரும் சுகம். இடுப்புக்கும் ஓய்வு கிடைத்திருக்கிறது. டாக்டர் ஒரு மாதம் வெளியூர் போயிருப்பதால் நானும் வீட்டோடு இருக்கிறேன். மூன்று மாடி ஏறி இறங்குவது மிச்சம். ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிறவர், லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்து என்னைக் குடிவைத்திருக்கிறாரே, அந்தச் சாமர்த்தியத்தை யாரிடம் சொல்ல.

விருந்தாளி இங்கேயும் எட்டிப் பார்த்தார், உன் அண்ணன் முகம் கொடுக்காததால் போய்விட்டார். மழைத் தண்ணீர் லிஃப்ட் குழிகளில் இறங்கித் தினமும் எங்கேயாவது கோளாறு. கை முழுக்க கிரீஸ், காகிதத்தைத் தொட்டால் பாழாகும், நீயே எழுதிவிடு என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

அவர் சொன்னது இது. "மழைக்காலத்துல யாரும் தலையை நிமிர்த்தறதில்லை. தரையைப் பார்த்துத்தான் நடப்பாங்க. கண்ணு எங்க போகுதோ அங்க கடையை விரிக்கச் சொல்லு." அதாவது ஜன்னலில் மேலே எதுவும் வேண்டாமாம். பொருளெல்லாம் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும், கணுக்கால் உயரத்தில் என்றால் இன்னும் நல்லது என்கிறார். தரையையே பார்க்கிற ஒருவரின் கண்ணில் படவேண்டுமென்றால், நாம்தான் பொருளைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். கூப்பிட்டு நிமிரச் சொன்னால் நிமிர மாட்டார்கள்.

செய்து பார்த்துவிட்டு எழுது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளி.

உன் அண்ணி


நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

தலைக்குக் குளித்தேன், சாப்பிட்டேன், உத்தரவுகள் எல்லாம் நிறைவேறின. நீங்கள் இருவரும் அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

அண்ணன் சொன்னபடியே செய்தேன். ஜன்னலின் மேல்பாதியைச் சாம்பல் நிறத் துணியால் மூடிவிட்டேன். கீழே இரண்டடி உயரத்துக்கு மட்டும் ஒரு வீடு. பொம்மைகளின் கால்களைத் தனியாகக் கழற்றி, ஒன்றுக்குச் செருப்பு, ஒன்றுக்குச் சாக்ஸ், ஒன்று வெறுங்கால். திரைச்சீலையின் விளிம்பு, நாற்காலியின் நாலு கால், அதன் கீழே சுருண்டு படுத்த ஒரு பஞ்சுப் பூனை. எங்கள் கடைத் தச்சர் பார்த்துவிட்டு, "இடுப்புக்கு மேல ஆளுங்க லீவா?" என்று கேட்டார். மேனேஜர் அம்மா கேட்டது அவ்வளவு நயமாக இல்லை.

ஆனால் அண்ணி, நின்றார்கள். குடையைச் சாய்த்துக்கொண்டு, தரையைப் பார்த்து வந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள். பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, இன்னும் குனிந்து, கடைசியில் நடைபாதையில் குந்தியே உட்கார்ந்துவிட்டார். அந்தச் செருப்பு மட்டும் நாற்பது ஜோடி போயிற்று. டிவிப் பேச்சு இப்போதைக்கு அடங்கியிருக்கிறது.

வேலை செய்த அந்த நாலு நாளும் விருந்தாளியை நான் மறந்தே போனேன். கைக்கு வேலை வந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. முடித்த மறுநாள் மனிதர் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், இன்னொரு யோசனை வேண்டும். அண்ணனை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். கிரீஸ் கறை பட்டாலும் பரவாயில்லை.

முட்டைக்கண்ணி


நவம்பர் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

பெரியவர் குந்தி உட்கார்ந்த கதையை உன் அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நீ சுகமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம், நாங்களும் அப்படியே. மழை இங்கே விடவில்லை. துவைத்த துணி நாலு நாளாகக் காயாமல் வீடெல்லாம் கொடி கட்டியிருக்கிறேன், குனிந்து நிமிர்ந்துதான் நடமாட்டம்.

இரண்டாவது யோசனை கேட்டாயே. பழைய லிஃப்ட் கதவுகளில் கை அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், கவனித்திருக்கிறாயா? லிஃப்ட் நிற்காத மாடியிலும் மனிதர்கள் அதில் முகத்தை ஒட்டிப் பார்ப்பார்களாம். "அடைச்ச கதவுல ஒரு ஓட்டை இருந்தா போதும், பார்க்காம போக மனசு வராது" என்கிறார். ஜன்னலை முழுவதும் காகிதம் ஒட்டி மூடிவிடு. அங்கங்கே ஓட்டை மட்டும் வை.

இன்னொன்று. ஓட்டை வழியாகப் பார்க்கிறவருக்கு எதுவும் முழுதாகத் தெரியக் கூடாது. ஒரு தோள், ஒரு கை, கட்டிலின் ஒரு மூலை, அவ்வளவு போதும். தோள் அசைகிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். அப்போதுதான் போனவர் திரும்பவும் வந்து பார்ப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வந்து பார்ப்பார்.

உன் அண்ணனுக்கு எழுத நேரமில்லை. கை கிரீஸ்தான் காரணம், வேறொன்றும் நினைக்காதே. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கு.

உன் அண்ணி


நவம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நீங்கள் சொல்லுங்கள், நலமா? இடுப்பு, தூக்கம், எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

காகித ஜன்னல் பெரிய அமர்க்களம் ஆகிவிட்டது. பழுப்புக் காகிதம் ஒட்டி, வேறு வேறு உயரத்தில் பதினேழு ஓட்டைகள். உள்ளே ஒரு படுக்கையறை. ஒரு பொம்மையைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க வைத்து, தோளை மட்டும் மெல்லிய ஒரு கம்பியால் காற்றாடியோடு கட்டினேன். அது அசையும், பிறகு அசையாது. தெருவே வரிசையில் நின்று எட்டிப் பார்த்தது. ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வருகிறார். கடைக்குள் வந்து, "படுத்திருக்கிறது யாரு? எழுந்திருப்பாங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

போர்வைகள் விற்றுத் தீர்ந்தன. மேனேஜர் அம்மா என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார், அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அண்ணி, அந்த அறையை அமைத்துவிட்டு ஓட்டை வழியாக நானே பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கடைசி ஆறு வருஷம் வாசற்படியைத் தாண்டாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, அந்தத் தோள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவன் மனசு கஷ்டப்படும்.

மூன்றாவதாக ஒரு யோசனை, இதுதான் கடைசி. அதோடு அண்ணன் கையால் ஒரு வரி. இரண்டாவது முறை கேட்கிறேன்.

முட்டைக்கண்ணி


டிசம்பர் 19

நாத்தனாருக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் சளி. இப்போது தேவலை. அவரும் சுகம்.

யோசனை: லிஃப்ட் கதவு ஒன்று செய்து வை. பாதி திறந்து அப்படியே நிற்கட்டும். ஒரே ஒரு கால் மட்டும் வெளியே. வருகிறாரா, உள்ளே போகிறாரா என்று தெரியக் கூடாது. எத்தனை நேரம் பார்த்தாலும் அந்தக் கால் அங்கேயே இருக்கட்டும். உன் அண்ணன் சொல்லிச் சிரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


டிசம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கப் போவதில்லை. கேட்டால் சுகம் என்று எழுதிவிடுவீர்கள்.

அண்ணன் சொல்லிச் சிரித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி திறந்து நிற்கிற லிஃப்ட் கதவைப் பார்த்து என் அண்ணன் சிரிக்க மாட்டான். உங்கள் கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, மண்டபத்து லிஃப்ட் கதவு பாதியில் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவன் இலையை அப்படியே விட்டுவிட்டுப் புதுச் சட்டையோடு போய்த் தரையில் படுத்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். கடையில் காட்சிக்கு வைக்கிற கதவாக இருந்தாலும் அவன், "முதல்ல மூடித் தொலை, யாராவது காலை விட்டுடப் போறாங்க" என்றுதான் சொல்வான். வேறு யாராக இருந்தாலும் இந்த யோசனையை நான் நம்பியிருப்பேன்.

அப்படியானால் இதைச் சொன்னது நீங்கள். நீங்கள் இல்லாததைக் கற்பனை செய்து எழுதுகிற ஆள் இல்லை, பார்த்ததை எழுதுகிறவர். பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். தரையை மட்டும் பார்க்கிற ஒருவர். அடைத்த கதவின் ஓட்டையில் ஒரு தோள். வாசலில் வெளியே வைத்த ஒரு கால். டாக்டர் நிஜமாகவே வெளியூர் போனாரா?

எனக்குக் கோபம் வருகிறது, அண்ணி. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி. அவன் படுத்துக் கிடந்ததை நான் ஜன்னலில் வைத்துப் போர்வை விற்றிருக்கிறேன். உடனே பஸ் ஏறி வரத்தான் தோன்றுகிறது. ஆனால் அப்பாவைப் பார்க்க யார் வந்து நின்றாலும் அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார். நான் வந்து நின்றால் இவனும் அதையேதான் செய்வான் என்று பயமாக இருக்கிறது.

நிஜத்தை எழுதுங்கள். பயப்படாதீர்கள், நான் விழ மாட்டேன்.

முட்டைக்கண்ணி


ஜனவரி 13

என் கண்ணே,

உன் கடிதத்தைப் பதினைந்து நாளாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். நான் நலமாக இல்லை. எழுதிவிட்டேன். எழுதியதும் எனக்கே மூச்சு விட முடிகிறது.

மழை தொடங்கிய முதல் வாரமே அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் ஊரில்தான் இருக்கிறார், நான்தான் லீவு போட்டிருக்கிறேன். முதலில் தலை நிமிராமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியை மேசையில் வைத்தால் ஆறிப்போகும், அவர் காலடியில் தரையில் வைத்தால் எடுத்துக் குடித்தார். அதிலிருந்து வந்ததுதான் உன் முதல் ஜன்னல். பிறகு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அந்தக் கதவில் பழைய பூட்டைக் கழற்றிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மூச்சு விடுகிறாரா என்று அதன் வழியாகப் பார்த்துப் பார்த்து என் கண்ணிமை வீங்கிவிட்டது. டிசம்பரில் ஒரு நாள் தானாகவே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தார். அன்றைக்குத்தான் உனக்கு அந்த மூன்றாவது கடிதத்தை எழுதினேன். சளி என்று சொன்னது அழுததை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "அவளுக்குத் தெரிஞ்சா அவளும் படுத்துடுவா. அப்பா படுத்தப்ப நான் படுத்த மாதிரி" என்றார். நான் தனியாக ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மருந்து இருக்கிறது, குணமாகும், ஆனால் ஆளை அழைத்து வரவேண்டும் என்றார். ஆள் வாசல் வரைதான் வருகிறார், நான் என்ன செய்ய? மாமாவைப் போல ஆறு வருஷம் ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம் எல்லாம். வேறு எந்தப் பயமும் எனக்கு இப்போது இல்லை.

அவர் பெயரில் பொய் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. ஆனால் அந்தப் பொய்தான் என்னை நிற்க வைத்தது. உன் கடிதம் வந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கும். இதற்கு அவர் என்ன சொல்வார் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே யோசிப்பேன். பழைய குரலில் அவர் பேசுவது காதில் விழும். அதை எழுதிக்கொள்வேன். உன் பதில்களைக் கதவுக்கு வெளியே பலகை போட்டு உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டுவேன். பெரியவர் குந்திய இடத்தில் உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு மாதிரி கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

உன் அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் இல்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காக உங்களுக்குக் கோடி நமஸ்காரம். இனி எதையும் மறைக்க வேண்டாம், நானும் மறைக்க மாட்டேன். எனக்கும் நாள் நன்றாக இல்லை, ஆனால் எழுந்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன மூன்றாவது ஜன்னலைச் செய்தேன். தச்சர் நிஜத் தகட்டில் இரண்டு கதவு அடித்து, தடம் வைத்து, மோட்டார் பூட்டிக் கொடுத்தார். திறந்து மூடிக்கொண்டே இருக்கட்டும், பாதியில் நிற்க வேண்டாம் என்று அண்ணனுக்காக நான் மாற்றியிருந்தேன். விதியைப் பாருங்கள், இரண்டாம் நாளே அது பாதியில் நின்றுவிட்டது. தச்சர் கையை விரித்துவிட்டார். இது நாடகம் இல்லை, நிஜமாகவே கோளாறு.

இதோடு இன்னொரு உறை இருக்கிறது. அதைப் படித்துக் காட்ட வேண்டாம். கதவுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

முட்டைக்கண்ணி

(உறையின் மேல்: லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு, அவசரம்)

புகார் கொடுப்பவர்: முட்டைக்கண்ணி, கண்ணாடி ஜன்னல் அலங்காரம்.
இடம்: கடையின் முன்பக்கம், தரைத் தளம்.
கோளாறு: கதவு பாதியில் நிற்கிறது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.
எத்தனை நாளாக: தெரிந்தது இப்போதுதான்.
உள்ளே ஆள் இருக்கிறாரா: ஆம்.


பிப்ரவரி 7

என் கண்ணே,

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி உறையைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். இரண்டு நாள் அது பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் காணோம். அன்று மாலை உள்ளேயிருந்து, "கதவை எதை வெச்சு இழுக்கிறா? கயிறா, பெல்ட்டா?" என்று கேட்டார். எட்டு நாள் கழித்து அவர் குரலைக் கேட்கிறேன். எனக்கு அது கயிறா பெல்ட்டா என்று தெரியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது. பெல்ட் என்று அடித்துவிட்டேன்.

பிறகு காகிதம் கேட்டார். நாலு நாள் எழுதினார். ஒரு வரி எழுதுவார், படுத்துக்கொள்வார். ஐந்தாம் நாள் உறையை ஒட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் போட்டுவிட்டு வருகிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, பழையபடி நின்றுவிட்டார்.

நான் பின்னால் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், பொய்ப் பல்லை விழுங்கிவிட்டு டாக்டரிடம் சண்டைக்கு வந்தாரே ஒரு ஓட்டுநர், அந்தக் கதையைச் சொன்னேன். அது முடிந்ததும் மயக்க ஊசிக்குப் பயந்து என் கையைக் கடித்த போலீஸ்காரர் கதை. மூன்றாவது கதை நடுவில் அவர் இரண்டாவது காலையும் வெளியே வைத்தார். மூன்று மாடியும் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மழையில் குடை இல்லாமல் தெருவைக் கடந்து தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அதன்மேல் கையை வைத்து வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்து ஈரத்தோடு படுத்தவர்தான், நேற்றும் இன்றும் எழவில்லை. நான் எதையும் பெரிதாகச் சொல்லி உன்னை நம்ப வைக்க மாட்டேன். ஆனால் அறையைத் தாழ் போடவில்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் போகலாமா என்றேன். "பார்க்கலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த உறையில் என்ன எழுதினார்? எனக்குக் காட்டவே இல்லை. கதவைப் பற்றி மட்டும்தானா?

அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக வேண்டும் என்று இந்தத் தடவை நிஜமாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணன் கடிதம் வந்தது. உறை நனைந்து, விலாசம் பாதி கரைந்திருந்தது. தபால்காரர், "யார் எழுதினதுன்னு தெரியலை, ஆனா கண்ணாடி ஜன்னல்னா நீங்கதான்" என்று கொண்டுவந்து கொடுத்தார். அவன் சொன்னபடி பார்த்தேன், கதவு ஓடுகிறது. தடத்தில் சிக்கியிருந்தது என் பென்சில் துண்டு. ஜன்னலுக்கு நேற்றுக் கூட்டம் இல்லை. இருக்கட்டும்.

வானம் இங்கே இன்னும் வெளுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வருகிறேன். அவனைப் பார்க்க இல்லை, உங்களைப் பார்க்க. அவனிடம் அப்படியே சொல்லுங்கள். நான் வந்ததும் நீங்கள் இரண்டு நாள் தூங்க வேண்டும்.

அவன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். விலாசம் மட்டும்தான் என்னுடையது. கடிதம் உங்களுக்கு எழுதியது.

முட்டைக்கண்ணி


(இணைப்பு)

முட்டைக்கண்ணிக்கு,

புகார் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் கரண்ட்டை நிறுத்து. கதவின் கீழ்த் தடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார். பத்தில் எட்டுக் கோளாறு அங்கேதான் இருக்கும். பொத்தான், ஆணி, ஏதாவது சின்னதாகச் சிக்கியிருக்கும். எண்ணெய் விடாதே, தூசி ஒட்டும். கதவைப் பிடித்து இழுக்காதே.

உள்ளே ஆள் இருப்பதாக எழுதியிருக்கிறாய். பொம்மை என்று தெரியும். நீ யாரைச் சொல்கிறாய் என்றும் தெரியும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. மெக்கானிக் வந்து சேர்கிற வரை, வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசினாலும் சரி. பதில் வரவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. உள்ளே இருப்பவரால் பதில் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பார்.

உன் அண்ணி மூன்று மாதத்துக்கு மேலாகக் கதவுக்கு வெளியே பலகை போட்டு உட்கார்ந்து பேசுகிறாள். உன் கடிதம், பல் கதைகள், பால் விலை, காயாத துணி. எல்லாம் கேட்டது. ஒரு நாள்கூட அவள் நிறுத்தவில்லை.

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். வாய் வரவில்லை. நீ சொல்லிவிடு.

அண்ணன்